பொந்து விழுந்தால் போச்சா?

போன சித்திரையில் சாத்தூரில் ஒரு கோடைமழை. மழை என்னவோ கால் மணி நேரம்தான்; அதற்கு முன்னால் வந்த காற்றுதான் ஆடித் தீர்த்தது. விடிந்து பார்த்தால், எங்கள் தெருமுனை வீட்டு வேம்பில் பெரிய கொப்பு ஒன்று முறிந்து டீக்கடைப் பெஞ்சின் மேல் கிடக்கிறது. முறிந்த இடத்தில் ஒரு பொந்து. கையை விட்டால் காப்பித்தூள் மாதிரி மக்கல் வந்தது. டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். "உள்ள ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வெறுங்கூடு. என்னைக்கிருந்தாலும் ஆள் மேலதான் சாயும்." பத்து மணிக்கெல்லாம் மரவியாபாரி வந்து கயிறு போட்டுச் சுற்றளவு பார்த்தார். அவருக்கும் அதே கருத்து. விலைக்கு வாங்க வந்தவரிடம் வேறு கருத்தை எதிர்பார்ப்பது நம் தப்பு.

பொந்து விழுந்த மரம் செத்த மரம் என்கிற நம்பிக்கைக்கு இந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. வாத்தியார் சொல்வதும் அதுதான், ஆட்டோக்காரர் சொல்வதும் அதுதான். நிலைக்கும் கதவுக்கும் கட்டை பார்த்துப் பழகிய கண் நமக்கு. வைரம் போனால் காசு போச்சு; ஆகவே மரமும் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில், வெளிச்சுற்றில். தண்ணீர் ஏறுவது அங்கே, சாப்பாடு இறங்குவது அங்கே, ஆண்டுதோறும் புதுக்கட்டை சேருவதும் அங்கேதான். நடுவிலுள்ள வைரம் எப்போதோ உயிரடங்கிப்போன பகுதி. 'வைரம் பாய்ந்த கட்டை' என்று கிழவர்களைப் புகழும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.

உயிர் சரி, பலம்? நியாயமான கேள்வி. சைக்கிள் பாரை உள்ளே கூடான குழாயில்தான் செய்கிறார்கள். அதில் ஒரு மூட்டையும் இரண்டு பிள்ளைகளும் போகிறார்கள். வளைக்க வரும் விசையைத் தாங்குவது பெரும்பாலும் வெளிவிளிம்புதான். இரண்டடிக் குறுக்களவுள்ள அடிமரத்தின் நடுவில் ஓரடிக்குப் பொந்து இருந்தால் பாதி பலம் போய்விடும் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் போவது பதினாறில் ஒரு பங்கு. குறுக்களவில் பத்துக்கு ஏழு பங்கு கூடாகிப்போனால்கூட ஏறக்குறைய கால்வாசி பலம்தான் குறைகிறது. மரங்களின் பலத்தை ஆராய்ந்த ஜெர்மனிக்காரர் கிளவுஸ் மாத்தெக் எச்சரிக்கைக் கோடு போட்டது ஏறத்தாழ அந்த இடத்தில்: பொந்தைச் சுற்றி மிஞ்சிய சுவரின் கனம் அடிமரத்தின் ஆரத்தில் பத்துக்கு மூன்று பங்குக்குக் கீழே போனால் கவனி என்றார். அதையும் அப்படியே வேதவாக்காக எடுக்கக்கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. பொந்துக்குப் பக்கவாட்டில் பெரிய வாய் திறந்திருந்தால் கணக்கு மாறும். எப்படியானாலும் சுவர் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். மரச்சுத்தியால் தட்டிக் கேட்டு, பொந்துக்குள் நீளக் கம்பியை விட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். தர்பூசணிக்குக் காட்டுகிற பொறுமையை மரத்துக்குக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஜனம்தான் ஆழ்வார்திருநகரிக்குப் போய் உறங்காப்புளியைக் கும்பிட்டு வருகிறது. நம்மாழ்வார் அந்தப் புளியமரப் பொந்தில் அமர்ந்திருந்தார் என்பது மரபு. அங்கே பொந்து சன்னதி. நம் தெருவில் பொந்து ஆபத்து.

பொந்தை விடுங்கள், நடுமரமே போன பிறகும் பிழைத்த மரங்கள் உண்டு. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்துக்கு 1989இல் புயற்காற்றில் தாய்மரமே சாய்ந்தது. மரம் இருக்கிறது. கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டு, காளான் பிடித்து, 1925இல் அதன் நடுமரத்தை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் நான்கு ஏக்கருக்கு மேல் பரந்து நிற்கிறது. ஆலுக்கு விழுது உண்டு, வேம்புக்கு ஏது என்பீர்கள். உண்மை, வேம்புக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்று 1925இல் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

மரமே விழாது என்று நான் சொல்ல வரவில்லை. 2016 வர்தா புயலில் சென்னை சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பச்சைப் பசேலென்று, பூவும் இலையுமாக நின்ற மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. அடிமரத்தைச் சுற்றிக் கழுத்து நெரிக்கக் கான்கிரீட் போட்டு, குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி வேரை அறுத்துவிட்டால் அப்புறம் எது பிடித்துக்கொள்ளும்? அதுவும் நம் கரிசல், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழைக்குக் களியாய்க் குழையும். ஆகவே பார்க்க வேண்டியது தூரை. காற்று வந்த பக்கம் மண் தூக்கியிருக்கிறதா, நேற்றில்லாத சாய்வு இன்று தெரிகிறதா, தூரில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருக்கிறதா, கவட்டையில் வெடிப்பு ஓடுகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டு, கீழே ஆள் புழங்கும் இடமும் ஆனால், வெட்டச் சொல்லி முதல் ஆளாக நானே நிற்பேன்.

பொந்தைச் சுரண்டி சிமெண்டு பூசுகிற வைத்தியமும், 'பாரம் குறையட்டும்' என்று மொட்டையடிப்பதும் தனிக் கொடுமை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் சொன்னார்: மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, கெட்டதைச் சுற்றி உள்ளே மதில் எழுப்பிக்கொள்கிறது. நாம் சுரண்டும்போது அந்த மதிலைத்தான் இடிக்கிறோம். மொட்டையடித்த இடத்தில் புண்ணாகி, அடுத்த பொந்துக்கு நாமே கால்கோள் விழா நடத்துகிறோம்.

ஆபத்தைக் கணக்கிட நம் பகுதிக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று விதி இருக்கிறது. மருந்து வெடிக்கும் என்பதற்காகத் தொழிலையே மூடவில்லை. ஆளைத் தள்ளி வைக்கிறோம். மரத்தை நகர்த்த முடியாது, பெஞ்சை நகர்த்தலாம். இதை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்களுக்கென்ன, விழுந்தா போலீஸ் எங்கிட்டதான் வரும்" என்றார். அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் ரம்பம் வந்தது. சாயங்காலம் போய்த் தூரைப் பார்த்தேன். டேப் வைத்தேன். குறுக்களவு இரண்டடிக்குச் சற்று மேல். பொந்து ஓரடிக்கும் குறைவு. சுற்றிலும் அரையடிக்கு மேல் சிவந்த கட்டை, நகம் இறங்காத கெட்டி. வியாபாரி லாபத்தோடுதான் ஏற்றிக்கொண்டு போனார்.

நிழல் போனதால் டீக்கடைப் பெஞ்சு எதிர்ச்சாரிக்கு மாறிவிட்டது. அங்கேயும் ஒரு வேம்பு இருக்கிறது. பொந்தே கிடையாது, நல்ல தழைவு. இரண்டு வருசத்துக்கு முன் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் அதன் மேற்குப் பக்கத்தில் தொடைக் கனத்தில் இரண்டு வேர்களை அறுத்து வாறுகாலோரம் போட்டிருந்தார்கள். இப்போது காற்றடிக்கும்போது அந்தப் பக்கத்து மண் ஒரு விரற்கடை எழும்பி அடங்குகிறது. "இது வைரம் பாஞ்ச மரம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது, உக்காருங்க" என்கிறார்கள்.