மண்ணில் ஒரு செவி

வானில் பட்டம் பறக்குங்கால் காண்பவர் கண்கள் பட்டத்தையே நாடும்; நூலைப் பற்றி நிற்கும் கையை நோக்குவார் அரியர். விண்கலத்தின் நிலையும் இத்தகையதே. ராக்கெட்டு எழும் காட்சியை உலகம் வியந்து போற்றுகிறது; கலத்தின் குரலை இரவும் பகலும் கேட்டு நிற்கும் தரை நிலையத்தையோ மறந்துவிடுகிறது. இம்மறதி நன்றன்று.

இதற்கு 'வாயேஜர் 2' என்னும் கலத்தின் வரலாறே சான்றாகும். அமெரிக்கர் 1977ஆம் ஆண்டில் செலுத்திய அக்கலம், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய கோள்களைக் கண்டபின் தென்திசை சார்ந்து நெடுந்தொலைவு சென்றது. தொலைவிலுள்ள கலங்களோடு தொடர்பு கொள்ளக் கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூவிடங்களில் நிலையங்கள் அமைந்துள்ளன. உலகம் சுழலுங்கால் ஒரு நிலையத்திற்கு மறையும் கலம் மற்றொன்றிற்குத் தோன்றும். ஆயினும், தெற்கே சென்ற வாயேஜர் 2 வடபகுதி நிலையங்களுக்குப் புலப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகருக்கு அருகிலுள்ள 70 மீட்டர் விட்டமுடைய ஆண்டெனா ஒன்றே அதற்குக் கட்டளை அனுப்ப வல்லதாயிற்று.

அந்த ஆண்டெனாவில், வாயேஜர் 2-க்கு வானொலி அலைகளை அனுப்பிய கருவி 47 ஆண்டுகளுக்கு மேலாக மாற்றப்படாதிருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிய திருத்தப் பணி, ஏறத்தாழப் பதினொரு திங்கள் நடைபெற்றது. "பழைய கலத்தின் பொருட்டுத் தரையில் இத்துணைச் செலவு ஏன்?" என்று சிலர் வினவக்கூடும்.

அவ்வினாவிற்கு 2023ஆம் ஆண்டு விடை தந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் தவறான கட்டளையொன்று சென்றது. அதனால் கலத்தின் ஆண்டெனா பூமியை விட்டு இரண்டு பாகை விலகியது, தொடர்பு அற்றது. அப்போது கலம் ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கான்பெரா நிலையம் பேராற்றலுடன் மீண்டும் கட்டளை அனுப்பியது. அது கலத்தை அடையப் பதினெட்டரை மணி நேரம். மறுமொழி வந்து சேர மீண்டும் அத்துணை நேரம். ஆகஸ்டு 4ஆம் நாள் கலம் மறுமொழி தந்தது.

கலத்தைச் செலுத்துதல் ஒரு நாட் செயல். அதனைக் காத்தல் பல்லாண்டுக் கடமை. காக்கும் நிலையத்தைப் புறக்கணித்துப் புதிய கலங்களை மட்டும் செலுத்துதல், கிணற்றை வெட்டிவிட்டுக் கயிற்றை மறந்த செயலையே ஒக்கும். ஆதலின், விண்ணை ஆராய விரும்பும் நாடுகள் மண்ணிலுள்ள நிலையங்களையும் பேணுதல் வேண்டும். கேட்கும் செவி இல்லையேல், விண்ணிலிருந்து வரும் சொல்லால் யாது பயன்?