கொடி பிடிக்கிற பிள்ளையையும் பாருங்கள்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ஸபா, மர்வா, அறபா என்று எந்த இல்லமானாலும் அணிநடையில் முன்னுக்குப் போவது கொடி பிடிக்கிற பிள்ளைதான்.

படிக்கிற காலத்தில் நானும் பிடித்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது லேசான வேலை. காற்றடித்தால் துணி கம்பை இழுக்கும், மணிக்கட்டு விறைத்துப்போகும். பிரதம அதிதியைக் கடக்கும்போது இல்லக் கொடியைத் தாழ்த்த வேண்டும், தேசியக் கொடியைத் தாழ்த்தக் கூடாது. அந்தச் சில விநாடிகளுக்காக நாட்கணக்கில் பழகுவோம். அதில் கிடைக்கிற பெருமை சின்னதல்ல. நடக்கும்போது வலி தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும்.

எட்டு மணிக்கு அணிவகுக்க வைத்து, ஒன்பதரைக்கு அதிதி வரும்வரை வெயிலில் நிறுத்துவது ஒழுக்கப் பயிற்சி அல்ல. அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கும், மூளைக்குப் போவது குறையும். பிள்ளை மயங்கி விழும். நாமோ, "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று கதையை முடித்துவிடுகிறோம்.

அதிபர்மாரிடமும் சக ஆசிரியர்களிடமும் கேட்பது இதுதான். அதிதி வாசலுக்கு வந்த பிறகு அணியைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் தண்ணீர் கொடுங்கள். உரைகள் முடியும்வரை கொடிகளை நட்டுவைத்துவிட்டுப் பிள்ளைகளை நிழலில் இருத்துங்கள். அதிதி பிந்தினால் குறித்த நேரத்துக்கே தொடங்குங்கள். பிந்தி வந்தவர் மிச்சத்தைப் பார்க்கட்டும்.