பெயர் பிறகு, தாழ்ப்பாள் முதலில்



இந்த முறை கக்கூஸைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள். ஆனால் படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் அக்கா மகன் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பிழைக்கிறான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, டப்பாக்களுக்கு லேபிள், இதுதான் அவன் தொழில். கிள்ளானிலிருந்து ரயிலேறி அவனைப் பார்க்கப் போயிருந்தேன். படித்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து புதிதாய் ஒரு தொழில் ஆரம்பிக்கிறார்களாம். தண்ணீரைக் குறைவாய்ச் செலவழித்து, கழிவை எருவாக்கும் கக்கூஸ் ஒன்றைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு விற்கப் போகிறார்களாம். அதற்குச் சின்னமும் பெயரும் போட்டுத் தரும் வேலை இவனுக்கு.

"மாமா, இதுக்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க. கலரு பச்சையா, நீலமா?" என்று கேட்டான்.

"முதல்ல நீ லயத்துக்கு வாடா. பேரை அப்புறம் பாப்போம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் வரிசையாகப் புதுக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்கள். பச்சைச் சாயம், வழவழப்பான தரை, வாசலில் பெயர்ப்பலகை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றில் விறகு, இன்னொன்றில் மண்வெட்டி, மற்றொன்றில் கோழி. ஜனங்கள் பழையபடி செம்பனைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். "இவங்களுக்கு எது செஞ்சாலும் புத்தி வராது" என்று மேலே இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு நானும் அதை நம்பினேன். பிறகுதான் ஒரு பாட்டி மருந்து வாங்க வந்தபோது சொன்னார்: "உள்பக்கம் தாப்பா இல்லீங்க ஐயா. வயசுப் பொண்ண எப்படி அதுல அனுப்புறது?" அத்தனை செலவு செய்து கட்டியதை ஒரு தாழ்ப்பாள் கெடுத்துவிட்டது. என் வெட்கம் என்னவென்றால், வாராவாரம் லயத்தைச் சுற்றிப் பார்த்த நான் ஒரு நாள்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்க்கவில்லை.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்காதீர்கள். காட்டில் விழும் மலத்திலுள்ள கொக்கிப்புழு முட்டை ஈர மண்ணில் பொரிக்கிறது. குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது; குடலில் தொங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. வெளிறிப்போன கர்ப்பிணிகளையும், பள்ளிக்கூடத்தில் தூங்கி விழும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கோ மூத்திரக் கடுப்பு. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று குடிக்காமலே இருப்பார்கள். மாத்திரை நான் தருகிறேன். ஆனால் நோய் அந்தக் கதவில் அல்லவா இருக்கிறது!

சரி, மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆயாக் கொட்டகைத் திண்ணையில் பெண்களை உட்கார வைத்தேன். முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் வாயைத் திறந்ததும் நிற்கவே இல்லை. கதவு உள்பக்கம் திறந்தால் வயிற்றுப் பிள்ளைக்காரி எப்படித் திரும்புவாள்? கைலியை மாட்ட ஓர் ஆணி உண்டா? முட்டிவலிக்காரர் பிடித்து எழக் கைப்பிடி உண்டா? மாதவிலக்கு நாளில் போட மூடியுள்ள டப்பா உண்டா? போகும் பாதையில் விளக்கு உண்டா? மருமகன் எழுதி எழுதி நோட்டே நிரம்பிவிட்டது. பச்சையா நீலமா என்று கேட்கவே அவனுக்கு வாய் வரவில்லை.

அங்கே ஒதுங்கி நின்ற வங்காளதேசத் தோழர் ஒருவர், தன் ஊரில் மூடி போட்ட பிளாஸ்டிக் கக்கூஸ் ஒன்று இருப்பதாய்க் கையால் காட்டினார். அவர் சொன்னது உண்மைக் கதை. அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற கக்கூஸ் கம்பெனியின் ஆட்கள் கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு வங்காளதேசக் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். குழிக் கக்கூஸின் திறந்த துவாரம்தான் குற்றவாளி என்று தெரிந்தது. நாற்றமும் ஈயும் அதன் வழியாய்த்தான் வந்தன. ஆகவே 'சாட்டோ' என்ற சிறு பிளாஸ்டிக் தொட்டியைச் செய்தார்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கனத்தில் அடியிலுள்ள மூடி திறக்கும். கழிவு விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும். ஆரம்பத்தில் அங்கே அதன் விலை 2 டாலருக்கும் குறைவாக இருந்தது. 'சேஃப் டாய்லெட்', அதாவது பாதுகாப்பான கக்கூஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. முதலில் போய்ப் பார்த்தார்கள், பிறகு பொருளைச் செய்தார்கள்.

பெயர் வீண் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் பிந்தேஸ்வர் பாடக் என்பவர் 1970-இல் ஆரம்பித்த இயக்கத்துக்கு 'சுலப்' என்று பெயர். நாம் 'சுலபம்' என்கிறோமே, அதே சொல்தான். இரண்டு குழி, ஒன்று நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறப்பது. மூடிய குழியில் உள்ளது நாளாவட்டத்தில் மக்கி எருவாகும். மலத்தைத் தலையில் சுமக்கும் மனிதனின் இழிவை ஒழிக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். 2023-இல் அவர் காலமானார், பெயர் நிற்கிறது. கென்யாவின் நைரோபி நகரத்துக் குடிசைப் பகுதியில் 2011 முதல் 'ஃபிரெஷ் லைஃப்', அதாவது புது வாழ்வு, என்ற பெயரில் கக்கூஸ்கள் நடக்கின்றன. அந்தப் பகுதி ஜனங்களே அவற்றை நடத்துகிறார்கள். கழிவை மூடிய கலத்தில் ஆள் வந்து எடுத்துப் போய் எருவாக்குகிறார்கள். நல்ல பெயர் ஏழையின் வெட்கத்தைப் போக்கும். "நான் கக்கூஸ் நடத்துகிறேன்" என்று சொல்லக் கூசுபவன்கூட அந்தப் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்வான்.

நம் நாட்டிலும் பார்த்தோமே! 2023-இல் ஊராட்சி மேம்பாட்டு அமைச்சு 'பி.எம்.டபிள்யூ.' கக்கூஸ் என்று ஆரம்பித்தது. கார் இல்லை, பெர்சே, மெனாவான், வாங்கி. அதாவது சுத்தம், அழகு, மணம். கேட்டவர் சிரித்தார், ஆனால் மறக்கவில்லை. பெயரின் வேலை அதுதான்.

ஆனால் பெயர் துடைப்பம் எடுத்துக் கழுவாது. தமிழ்நாட்டில் 2010-களின் தொடக்கத்தில் 'நம்ம டாய்லெட்' என்று ஒன்று வந்தது. தாம்பரத்தில் முதலில் வைத்தார்கள். வெளிச்சம் வர, காற்று போக, ஊனமுற்றவரும் நுழைய என்று யோசித்துச் செய்த நல்ல வடிவம். பெயரோ இனிப்பான பெயர். பிறகு என்ன? பல இடங்களில் தண்ணீர் இல்லை, கழுவ ஆள் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. 'நம்ம' என்று எழுதிவிட்டால் நம்முடையதாகிவிடாது. கழுவுபவருக்குச் சம்பளமும், கையுறையும், மரியாதையும் இருந்தால்தான் ஆகும். பட்டணங்களில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் அந்த வாளியைத் தூக்கியவர்களில் நம்மவரும் உண்டு. ஆகவே புதிதாய் எந்தப் பெட்டி வந்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: இதிலுள்ளதை எடுப்பது யார்? எதைப் போட்டுக்கொண்டு எடுப்பார்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லை, பந்தாய் டாலாமில் சுமார் 14 லட்சம் பேரின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் பூமிக்கடியில் இருக்கிறது. மேலே பூங்கா, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நாற்றம் தெரியாமல் வடிவமைக்க மனிதனுக்குத் தெரிகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? பட்டணத்தாருக்கு முடிந்தது லயத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

தோழர்களே, வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. 2019-இல் அதைத் திருத்திய பிறகு, தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழும் வேண்டும். கக்கூஸ் யாரும் போடும் பிச்சை இல்லை. ஆகவே யாராவது புதுக் கக்கூஸும் புதுப் பெயருமாய் வந்தால் விரட்டாதீர்கள். வரவேற்று உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள்:

தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா?
பிள்ளைக்கும் கிழவிக்கும் கர்ப்பிணிக்கும் பொருந்துமா?
தண்ணீர் நின்றுபோனால் என்ன கதி?
உடைந்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பீர்கள்?
நிறைந்தால் எடுப்பது யார், கூலி கொடுப்பது யார்?

ஐந்துக்கும் பதிலை எழுத்தில் வாங்கித் தொழிற்சங்கக் கிளைக் கமிட்டியிடம் கொடுங்கள். கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேர் பெண்களாய் இருக்கட்டும். வெட்கப்பட்டு வாய் மூடினால் நோய்க்குத்தான் லாபம். லயத்தைச் சுற்றி வரும் ஆஸ்பத்திரி அசிஸ்டன்டையும் விடாதீர்கள். "உள்ள போய் ஒரு தடவ கதவச் சாத்திப் பாருங்க ஐயா" என்று சொல்லுங்கள். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லாததால் ஆறு மாதம் வீணானது.

மருமகன் கிளம்பும்போது மறுபடியும் பெயர் கேட்டான். திண்ணையிலிருந்த பாட்டிதான் பதில் சொன்னார்: "பேர நாங்க வச்சுக்கிறோம் தம்பி. நீ போயி தாப்பாள வைக்கச் சொல்லு." நோட்டை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறான். அடுத்த மாதம் ஒரு மாதிரியைக் கொண்டு வருவார்களாம். வரட்டும், முதலில் நானே உள்ளே போய்ச் சாத்திப் பார்க்கிறேன்.