எழுதுகோல் என்ன செய்யும்?

"துப்பாக்கிக்கு முன் எழுதுகோல் என்ன செய்யும்?" என்று கேட்கும் எச்சரிக்கைச் செம்மல்களே! அர்ஜென்டினாவைப் பாருங்கள்.

1976 மார்ச் 24. படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்தனர். நாடாளுமன்றம் கலைந்தது, ஏடுகள் வாய்மூடின, எதிர்த்தோர் இரவோடிரவாகக் காணாமற் போயினர். சரியாக ஓராண்டு சென்றதும், ரொடோல்போ வால்ஷ் என்னும் எழுத்தாளர் அத்தளபதிகளுக்கே திறந்த மடல் தீட்டினார். காணாமற் போனோர் 15,000, சிறைப்பட்டோர் 10,000, மாண்டோர் 4,000 என்று கணக்கை அவர்கள் முகத்தெதிரே வைத்தார். தொழிலாளியின் கூலி சரிந்த கொடுமையையும் விட்டாரில்லை. புனைபெயரில் ஒளிந்தாரா? இல்லை! சொந்தப் பெயரையே ஒப்பமிட்டார்.

மறுநாள் மடலின் படிகளை அஞ்சலிற் சேர்த்தார். அன்றே, அவரைத் தேடித் திரிந்த கடற்படைக் கும்பல் புவெனஸ் அயர்ஸ் வீதியில் அவரைச் சுட்டு வீழ்த்தியது. உடலும் உற்றார்க்குக் கிட்டவில்லை.

மடல் பெற்ற உள்நாட்டு ஏடுகளுள் ஒன்றேனும் அதை அச்சேற்றியதா? இல்லை! அச்சம் என்று சொல்லட்டும், இரங்குவோம். நடுநிலை என்று சொன்னால், நகைப்போம்!

1983இல் படையாட்சி ஒழிந்தது. 2011இல் வால்ஷைக் கொன்ற வழக்கில் கடற்படை அதிகாரிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தளபதிகளின் ஆணைகள் குப்பையாயின, மடல் வாழ்கிறது.

எழுதுகோல் என்ன செய்யும்? சாட்சி சொல்லும்! அதைக் கையில் வைத்துக்கொண்டே வாய்மூடிக் கிடந்தவனுக்கு எதிராகவும் சொல்லும்!