விடியற்காலையா, அந்திப்பொழுதா?

விடியுமுன் எழுந்து ஓடுபவனே உடலைப் பேணுபவன். மாலையில் ஓடுபவன் பொழுதைப் போக்குபவன் என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அறிவியல் மாணவர்களாகிய நாம் இதைச் சற்றே ஆராய வேண்டாமா?

பிரிட்டனில் 'யூ.கே. பயோபேங்க்' என்னும் பெரும் ஆய்வுத் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தவர்களுள் சுமார் ஒரு லட்சம் பேர், 2013 முதல் 2015 வரையிலான காலத்தில், ஆளுக்கு ஒரு வாரம் மணிக்கட்டில் அசைவுமானி கட்டிக்கொண்டனர். பின்னர் பல ஆண்டுகள் அவர்களது உடல்நிலை கவனிக்கப்பட்டது. இந்த ஒரே குவியலிலிருந்து மூன்று குழுவினர் மூன்று விடைகளை எடுத்ததுதான் வேடிக்கை! முற்பகலில் மிகுதியாக இயங்குவோருக்கு இதய நாள நோய் குறைவு என்றது 2022-இல் வந்த ஆய்வு. 2023-இல் வந்தது நண்பகலையும் பிற்பகலையும் உயர்த்திற்று. 2024-இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் உடற்பருமன் உடைய சுமார் 30,000 பேரை மட்டும் பிரித்தெடுத்து, மாலை 6 மணிக்குமேல் இயங்கியோரிடையே இறப்பு மிகக் குறைவு என்றனர்.

இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிறுவவில்லை. காலை பத்து மணிக்குப் பூங்காவில் உலவ யாருக்கு வாய்க்கும்? ஓய்வும் வசதியும் உள்ளவருக்குத்தான். அவரைக் காப்பது அந்த நேரமா, அந்த வசதியா? நாற்று நடும் என் தாயாரிடம் உடற்பயிற்சிக்கு உகந்த நேரம் எதுவென்று கேட்டால் சிரித்துவிடுவார்.

1953-இல் ஜெரமி மாரிஸ் என்பவர் லண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள்தோறும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. படியேறியதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றதே ஒழிய, மணியைக் குறிக்கவில்லை.

ஆகவே என் வாதம் நேரத்தைப் பற்றியதன்று; பூட்டைப் பற்றியது. நம் மாணவர்களில் பலர் முதல் பேருந்தைப் பிடித்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். அவர்களுக்குக் காலைப்பொழுது இல்லை. வகுப்பு முடிந்து அடுத்த பேருந்து வரும்வரை ஒரு மணி நேரம் நிழற்குடையில் நிற்கிறார்கள். அந்நேரம் மைதானக் கதவு பூட்டிக் கிடக்கிறது. மாணவியர் நிலை இன்னும் கடினம். இருட்டில் அவர்கள் தெருவில் ஓட இயலுமா? மாலை 6.30 வரை மைதானத்தைத் திறந்து வைத்து, இரண்டு விளக்குகள் போட்டு, வாரத்தில் மூன்று நாட்களை மாணவியருக்கென ஒதுக்கினால் போதும். உடற்கல்வித் துறையினர் இதனை வரும் பருவத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம்.