கருநிறக் காரின் கீறல்கள்

கருநிறக் காரின்மீது வெயில் பட்டால், சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் தோன்றும். உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பாலிஷ் பயன் தராது. சிக்காவிடில், காரை நன்கு கழுவி, நிழலில் நிறுத்தி, மென்துணியில் சிறிது பாலிஷ் இட்டு, ஓரடிச் சதுர அளவாகத் தேய்த்து, வேறொரு துணியால் துடையுங்கள். பின்னர் மெழுகு பூசுங்கள்.

ஒன்றை மறவாதீர். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேற்பூச்சைத் தேய்த்தே சமன் செய்கிறது. அப்பூச்சின் கனமோ ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான். அடிக்கடி தேய்த்தால் அதுவே அழிந்துவிடும்.

குடும்பத்திலும் அவ்வாறே. இறைவன் நம்மைப் பொறுப்பதுபோல், இல்லத்தாரின் சிறு குறைகள் சிலவற்றை நாமும் பொறுத்துக்கொள்வோமாக.