பொடியன்மேல் போடும் பழி

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் சுடுநீர்த் தாங்கி பழுதாகிவிட்டால் அதற்கு இரண்டு காரணங்கள் எப்போதும் ஆயத்தமாக உள்ளன. ஒன்று, "எங்கட தண்ணி சரியில்லை." மற்றது, "பூட்ட வந்த பொடியனுக்கு வேலை தெரியாது." பொருளை விற்று, பூட்டுகூலியையும் சேர்த்து வாங்கிய வணிகர் இவ்விரண்டுக்கும் நடுவே ஓசைப்படாமல் நழுவிவிடுகின்றார்.

முதலில் தண்ணீரின் வழக்கைப் பார்ப்போம். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. அந்நீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணம் வெண்மையாய்ப் படியும். நமது வீட்டுக் கேத்திலின் அடியே சாட்சி. சாதாரண தர மாணவன் இதனைத் 'தற்காலிக வன்மை' என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றான். மாணவன் அறிந்ததை வணிகர் அறியாரோ? தாங்கியை இடையிடையே திறந்து சுண்ணம் அகற்றவேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் விற்றுவிட்டு, பின்பு கிணற்றைக் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று.

இனிப் பொடியனின் வழக்கு. புலம்பெயர்ந்த உறவினரின் வருகையை முன்னிட்டு நமது வீட்டிலும் ஐம்பது லீற்றர்த் தாங்கியொன்று பூட்டப்பெற்றது. சில மாதங்களில் அதன் பொருத்து பிளந்தது. பார்த்தால், அமுக்கம் வெளியேறவேண்டிய வால்வின் வாய் இறுக அடைக்கப்பட்டிருந்தது! நீர் சூடாகும்போது விரிகின்றது. ஐம்பது லீற்றர் நீர் முப்பது பாகையிலிருந்து எழுபத்தைந்து பாகைக்கு ஏறினால் ஏறத்தாழ ஒரு லீற்றர் மிகுதியாகும். வந்த குழாய்வழியே திரும்பாதபடி அங்கே ஒருவழி வால்வு தடுக்கின்றது. ஆகவே அந்த மிகுதி சொட்டியே தீரவேண்டும். சொட்டுவதை 'ஒழுக்கு' என்று வீட்டார் முறையிடுவர் என அஞ்சி, முன்கூட்டியே அடைத்துவிடுகின்றனர். அதைவிடக் கொடியது, புவித்தொடுப்புக் கம்பி எதனோடும் இணைக்கப்படாமல் மடித்துச் செருகப்பட்டிருந்தது. தாங்கி பிளந்தால் பணநட்டம். இங்கே பிழைத்தால் குளிக்கப்போன பிள்ளை திரும்பிவராது.

அந்த இளைஞனை நாம் கண்டு பேசினோம். வயது இருபதிருக்கும். நாட்கூலி. ஒரு நாளில் நான்கு வீடுகள். செயல்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிட்டது. வாயை அடைக்கும்படி சொன்னவர் கடைக்காரர். இவனையா நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

இலண்டனில் இப்படி நடக்குமா என்று நம் உறவினர் வியந்தார். நடந்ததுண்டு. இன்று தமிழர் பெருந்தொகையாய் வாழும் நியூஹாம் பகுதியில், 1968 மே 16 அன்று, ரோனன் பொயின்ற் என்னும் இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது; நால்வர் மாண்டனர். பதினெட்டாம் மாடியில் எரிவாயு அடுப்பை இணைத்த பித்தளைத் திருகாணி தரங்குறைந்தது, அதுவே தொடக்கம். ஆனால் விசாரணைக் குழு அடுப்புப் பூட்டியவரோடு நின்றுவிடவில்லை. ஒரு சுவர் பெயர்ந்தால் மேலும் கீழும் சரியும்படி அமைந்த கட்டடத்தையே குற்றம் கண்டது. 1970இல் எரிவாயு பொருத்துநருக்கு ஒரு பதிவேடு தோன்றியது. முதலில் விரும்பியோருக்கு; பின்னர் சட்டக் கட்டாயம். பதிவுபெறாதவர் இன்று அங்கே ஒரு வீட்டுக் கொதிகலனைக் கூலிக்குப் பூட்டுதல் குற்றம். வெள்ளையரின் நல்லியல்பால் வந்ததன்று இது; பிணங்களை எண்ணிய பின்பு வந்தது.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கூலிக்குச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்படவேண்டும் என்கின்றது. மின்னிணைப்பு வேலைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் உண்டு. வணிகர் அச்சான்றிதழ் பெற்றவனை அமர்த்துவதில்லை. இருப்பவனைப் பயிற்சிக்கு அனுப்புவதுமில்லை. கேட்டால் "செலவு கூடும், சேர்" என்கின்றனர். கூடட்டும்! தாங்கியின் விலையில் இலாபம் வைக்கத் தெரிந்தவருக்கு அதைப் பூட்டுபவனின் படிப்புக்கும் ஒரு பங்கு வைக்கத் தெரியாதா?

நாம் கேட்பது பெரிதன்று. பற்றுச்சீட்டில் தாங்கியின் இலக்கத்தின் கீழே, பூட்டியவரின் பெயரும், அவர் பெற்ற சான்றிதழின் இலக்கமும், புவித்தொடுப்பைச் சோதித்த நாளும் எழுதப்படட்டும். அதன் அடியில் கையொப்பமிடவேண்டியவர் கடைக்காரர், பொடியன் அல்லன்.